மாப்பிள்ளை வந்துட்டாரு

அந்த அனல்மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் காற்றாலை மின்சாரத்துக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். நினைத்த நேரத்துக்கு வருவார். வந்தால் மற்றவர்கள் எழுந்து இடம்விட வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியும் விடுவார். காற்று ஏறினால் மின் மையத்திலிருந்து போன் வரும். அவருக்காக நிலக்கரிக் கொதிகலனின் லோடை, அதாவது மின் உற்பத்தியை, இறக்குவதும் ஏற்றுவதுமே கட்டுப்பாட்டுப் பலகையில் உட்காரும் பேனல்காரரின் பிழைப்பாகிவிட்டது. ஒரே சீராக எரிவதற்கென்று கட்டிய கொதிகலன் அது. தினமும் சூடாகி, ஆறி, மறுபடி சூடானால் குழாய்கள் என்னத்துக்கு ஆகும்? காற்றைத் திட்டாமல் அவர் ஒரு வாய் டீ குடித்ததில்லை.

அவருக்கு நிஜ மாப்பிள்ளையும் ஒருவர் உண்டு. மகளைக் கட்டியவர். கொதிகலனைச் சுற்றி வெப்பக்காப்பு போர்த்துவது அவர் வேலை. இந்த நிலையத்துக்கு அன்றுதான் முதல்முறையாக வந்தார்.

வாசலிலிருந்து காவலாளி போன் செய்தார். "சார், மாப்பிள்ளை வந்துட்டாரு. நாலாவது மாடிக்கு..."

"வந்துட்டாரா? அவருக்கு வேற வேலையே கிடையாதா!" என்று, பேசுவது யார் என்றுகூடக் கேட்காமல் போனை டொக்கென்று வைத்துவிட்டு, பேனல்காரர் லோடை இறக்க ஆரம்பித்தார். காவலாளி அந்தக் குடும்பத்தைப் பற்றி என்ன நினைத்தாரோ!

லோடு பாதிக்கு வந்தபோது, எந்த நிலையம் எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்று சொல்லும் மையத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "அண்ணே, யாரைக் கேட்டு இறக்குறீங்க?"

"உங்க மையத்துலேர்ந்துதானேம்மா காத்து வந்துடுச்சுன்னு போன்..."

"இங்கேர்ந்து யாருமே போன் பண்ணலையே!"

அப்படியென்றால் வந்தது நிஜ மாப்பிள்ளையா? அந்த நேரம் பார்த்து வாக்கி டாக்கியில் பாய்லர் உதவியாளர் அலறினார். "அண்ணே, இரைச்சல் குறைஞ்சதும்தான் காதுல விழுது. நாலாவது மாடியில குழாய் சீறுது! உங்க மாப்பிள்ளை சாரத்துல அந்தக் கோடியில நிக்கிறாரு. ஏணி இந்தக் கோடியில."

நடுவில் கண்ணுக்குத் தெரியாத நீராவி. ஆளை அறுத்துவிடும்.

"அம்மா, ஆள் மாட்டிக்கிட்டான். மொத்தமா நிறுத்தணும்" என்றார் மையத்துப் பெண்ணிடம். நிறுத்தினால் எத்தனை ஊர் இருண்டுபோகும் என்பது அவருக்குத் தெரியும். எந்த ஆஸ்பத்திரியில் யார் படுத்திருக்கிறார்களோ.

"நிறுத்துங்கண்ணே. காத்து இப்ப நிஜமாவே ஏறுது. மீதியை நான் பார்த்துக்கறேன்."

நிறுத்தினார். எங்கேயும் ஒரு விளக்குகூட அணையவில்லை. சீறல் மெல்ல மெல்லச் செத்தது. குழாயில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. நாள்தோறும் லோடு ஏறி இறங்கியதால் வந்த வினைதான். ஆனால் அன்றைக்குத் தாங்கிப் பிடித்ததும் அதே காற்றுதான். எந்த வாயால் திட்டினாரோ அதே வாயால், யாரும் பார்க்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்து, "நல்லா இருப்பா, நல்லா வீசு" என்றார்.

மாப்பிள்ளை உடம்பெல்லாம் தூசியோடு உள்ளே வந்தார். "என்ன மாமா, நான் வந்த முதல் நாளே பாய்லரை நிறுத்திட்டீங்க?"

பேனல்காரர் அவருடைய இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தோலில் ஒரு கீறல் இல்லை.

"என் பொண்ணுக்கு ஒரு போன் போடுங்க."

"என்னன்னு சொல்ல மாமா?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். எப்பவும் பேசுற மாதிரி சிரிச்சுப் பேசுங்க. நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கறேன்."