ஷாரோன் பேரில் ஒரு கோட்டு

காலை ஒன்பதரை மணிக்கு ஷாரோனின் போனுக்கு ஒரு படமும் அதற்குக் கீழே ஒரு லிங்கும் ஒரு வரியும் வந்தன. படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பூவேலை செய்த தோல் கோட்டைப் போட்டுக்கொண்டு, மூன்று நாள் சோறு காணாத முகத்தோடு நின்றிருந்தாள். அனுப்பியவள் ஃப்ளோரிகா, ருமேனியா நாட்டுக்காரி. அந்த வரி, போன் மொழிபெயர்த்த தமிழில் இருந்தது. “இதைப் பற்றி நீ என்னிடம் சொல்ல ஏதாவது உள்ளதா?”

ஷாரோன் படத்தைப் பெரிதாக்கினாள். கோட்டில் வலது மார்பின் கீழே ஒரு பூமொட்டு இருந்தது. உலகத்தில் அந்த மொட்டைப் போட்ட கை ஒன்றே ஒன்றுதான். அது இப்போது போனைப் பிடித்துக்கொண்டிருந்தது.

காஞ்சிபுரம் செவிலிமேட்டில் மோட்டார் ரிப்பேர் கடைக்கு மேலே இருக்கிறது அந்த ஒற்றை அறை. ‘ஷாரோன் – சங்கீதா ஆரி ஒர்க்ஸ்’ என்று போர்டு. கல்யாணப் பட்டுப் புடவை எடுத்தவர்கள் எல்லாரும் ஜாக்கெட்டுக்கு ஆரி என்கிற கொக்கி ஊசிக் கைவேலை போட எங்கேயாவது போகத்தானே வேண்டும், அவர்களில் கொஞ்சம் பேர் அங்கே வருவார்கள். ஷாரோனும் சங்கீதாவும் பன்னிரண்டு வருஷமாகத் துணியை இழுத்துக் கட்டும் ஒரே ஃப்ரேமுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்தவர்கள். ஷாரோன் கல்யாணத்துக்கு முன் ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் தோல் தைத்தவள். சங்கீதா பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரர் பஞ்சாட்சரத்தின் மகள். ஒருத்தி சர்ச்சுக்கும் ஒருத்தி ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் போவதைத் தவிர அவர்களுக்குள் பிரிவினை கிடையாது என்றுதான் தெருவே சொல்லும். தெரு சொல்வதை நம்பினால் நாம் உருப்பட்ட மாதிரிதான்.

ஃப்ளோரிகா வந்தது தை மாசம். அவளிடம் ஒரு பழைய பெட்டி இருந்தது, பெட்டிக்குள் அந்தக் கோட்டு. ஆட்டுத்தோலில் செய்தது, உள்ளே கம்பளி ரோமம், வெளியே வெளுத்த தோல், தோல் முழுக்கச் சிவப்பும் கறுப்பும் பச்சையுமாகப் பூக்கள். தொண்ணூறு வருஷத்துக்கும் மேலான கோட்டு. அது அவளுடையதும் இல்லை, ஊருடையது. அவள் ஊரில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணமானாலும் சர்ச்சில் பூட்டி வைத்திருக்கும் அந்தக் கோட்டை ஒருநாள் போட்டுக்கொள்ளக் கொடுப்பார்களாம். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஊரில் பதினோரு பெண்கள் புதுக் கோட்டுகள் தைத்து விற்றுப் பிழைக்கிறார்கள். வலது பக்கத்தைப் பூச்சி அரித்துவிட்டது. இந்தியாவில் கொக்கி ஊசியால் நுணுக்கமாகத் தைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஊராரிடம் வாக்குக் கொடுத்து, கையோடு எடுத்துவந்திருந்தாள்.

பட்டுக் கடைகளில் அவளைப் புடவை வாங்கச் சொன்னார்களே தவிர, கோட்டை யாரும் தொடவில்லை. ஷாரோன் தொட்டாள். தோலை விரலால் மடக்கிப் பார்த்தாள், மூக்குக்கிட்டே கொண்டுபோய் முகர்ந்தாள், “நல்லா பதப்படுத்தி இருக்கறாங்கமா, ஊசி தாங்கும்” என்றாள். துணியில் தப்புப் போட்டால் பிரித்துவிட்டு மறுபடி போடலாம், தோலில் போட்ட ஓட்டை ஓட்டைதான். அதனால் ஒரு நாளைக்கு உள்ளங்கை அகலத்துக்கு மேல் அவள் போடவில்லை. அந்த நாற்பது நாளும் சங்கீதா ஃப்ரேமைத் தள்ளி ஜன்னலோரம் போட்டுக்கொண்டு ஜாக்கெட் வேலையைப் பார்த்தாள். “எனக்கு அந்த வாடை ஒத்துக்கலப்பா” என்றாள். ஷாரோனும் அதை வாடை என்றே எடுத்துக்கொண்டாள்.

ஃப்ளோரிகா கேட்டது ஒன்றுதான். படம் எடுக்கக் கூடாது, இந்த வேலை வேறு யார் கைக்கும் போகக் கூடாது. பக்கத்து மலையில் ஒரு ஊரின் கோட்டு டிசைனை எந்தக் கம்பெனியோ அப்படியே அடித்து விற்றுவிட்டதாம். அதற்கப்புறம் அசல் போட்டவர்களைப் பார்த்து, “நீங்கள் கம்பெனிக் கோட்டைப் பார்த்துக் காப்பி அடித்தீர்களா” என்று சந்தையில் கேட்டார்களாம். இதைச் சொல்லும்போது ஃப்ளோரிகா அழுதாள். ஷாரோன் பைபிளை எடுத்து அதன்மேல் கை வைத்தே சத்தியம் பண்ணினாள். அவள் அப்படி லேசில் செய்கிறவள் அல்ல.

வேலை செய்ய ஒரு டிரேசிங் தேவைப்பட்டது. இடப்பக்கம் கெடாமல் இருந்ததால் அதன்மேல் எண்ணெய்க் காகிதத்தைப் பரப்பி, கோடு எடுத்து, கோடு நெடுக ஊசியால் ஓட்டை போட்டாள். பிறகு காகிதத்தைத் திருப்பி வலப்பக்கத்தில் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியை மேலே தடவினால் டிசைன் புள்ளி புள்ளியாகத் தோலில் இறங்கிவிடும். ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் இடப்பக்கத்தில் ஜோடி இல்லை. அங்கே மணப்பெண்ணுக்கென்று தனியாக ஏதோ இருந்திருக்கிறது, என்னவென்று ஊரில் யாருக்கும் நினைவில்லை. “உன் கைக்குத் தோன்றியதைப் போடு” என்றாள் ஃப்ளோரிகா. ஷாரோன் இரண்டு நாள் யோசித்து, அரும்பு விட்ட ஒரு மொட்டை அதே காகிதத்தில் வரைந்து, தோலில் இறக்கித் தைத்தாள். ஃப்ளோரிகா அதை விரலால் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தாள்.

பங்குனியில் கிளம்பும்போது, “இங்கே எதுவும் தங்கவில்லையே?” என்று கேட்டாள். ஷாரோன் இல்லை என்றாள். பொய் சொல்லவில்லை, பாவம். ஆரி போடுகிறவர்கள் எந்த டிரேசிங்கையும் எறிய மாட்டார்கள். சுருட்டி, பிளாஸ்டிக் பைப்புக்குள் செருகி, பரண்மேல் போட்டுவிடுவார்கள். அது ஊசி நூல் மாதிரி ஒரு சாமான், அவ்வளவுதான். அதுவும் ஒரு நகல்தான் என்பது ஷாரோனுக்குத் தோன்றவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்த ஃப்ளோரிகாவுக்கும் தோன்றவில்லை. அந்த அறையில் அது தோன்றியது ஒருத்திக்குத்தான்.

ஷாரோன் படத்துக்குக் கீழே இருந்த லிங்கை, வேலை செய்யும் பெண்களில் இங்கிலீஷ் படித்த ஜோதிகாவிடம் காட்டினாள். ஜோதிகா வாசித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே, “அக்கா, உங்க பேரு வந்துக்குது” என்றாள். காஞ்சிபுரத்தின் நூற்றாண்டுப் பாரம்பரியக் கைவேலை என்று போட்டிருந்தார்களாம். கலைஞர் ஷாரோன், செவிலிமேடு. விற்பது ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. ஜோதிகா கை தட்டப் போனவள் ஷாரோனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

ஷாரோன் ஸ்டூல் போட்டுப் பரண்மேல் கை விட்டாள். டிரேசிங் பைப்புக்குள்தான் இருந்தது. வெளியே எடுத்து விரித்தாள். நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மடிப்புக் கோடுகள். இந்தத் தொழிலில் டிரேசிங்கை ஒருத்தரும் மடிக்க மாட்டார்கள், மடித்தால் ஓட்டை கிழிந்து பொடி தாறுமாறாக இறங்கும். தொழில் தெரியாத எவனோ இதை நாலாக மடித்துப் பையில் வைத்திருக்கிறான்.

பத்தரை மணி டவுன் பஸ்ஸில் சங்கீதா வந்தாள். தலையில் கனகாம்பரம், கையில் டிபன் பை. ஷாரோன் மற்றவர்களை டீக்கு அனுப்பிவிட்டுக் காகிதத்தை ஃப்ரேம்மேல் விரித்தாள்.

“சங்கீதா, இத்த யாரு மடிச்சது?”

சங்கீதா டிபன் பையை ஆணியில் மாட்டினாள். மழுப்புவாள், சத்தியம் பண்ணுவாள், வேறு யார்மேலாவது பழி போடுவாள் என்றெல்லாம் ஷாரோன் நினைத்திருந்தாள். அப்படிச் செய்திருந்தாலும் கொஞ்சம் நம்பியிருப்பாள்.

“நம்மளுக்கு ஆர்டர் குடுக்குற மெட்ராஸ் ஏஜென்ட்டு தான். ரெண்டு நாளு வச்சிக்கினு குடுத்துட்டாரு.”

“நான் சத்தியம் பண்ணப்ப நீ இங்க தான உக்காந்துக்கினு இருந்த?”

“இருந்தேன். ஆனா நீ ஒண்ணு சொல்லு. ஆடி மாசத்துல இந்த ஊர்ல எந்த யூனிட்ல வேலை ஓடுச்சு? நம்மள்ல ஓடுச்சு. ஆறு பேரு வூட்ல அடுப்பு எரிஞ்சுது. அவரு எதுக்கு நம்மளுக்கு வேலை குடுத்தாருன்னு நீ ஒரு நாளாச்சும் கேட்டியா?”

ஷாரோன் கேட்கவில்லை. கல்யாணமே நடக்காத ஆடியில் ஆர்டர் மேல் ஆர்டர் வந்தபோது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று, கர்த்தர் வழி திறந்தார் என்று சாட்சி சொன்னாள். பக்கத்து பெஞ்சுக்காரர்கள் ஆமென் என்றார்கள். வழியைத் திறந்தது யார் என்று இப்போது தெரிந்தது. அந்தச் சோற்றை அவளும் சாப்பிட்டிருக்கிறாள், அவள் பிள்ளைகளும் சாப்பிட்டிருக்கிறார்கள். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

“உங்கப்பா தறியில போட்ட பார்டர கடக்காரன் பவர்லூம்ல அடிச்சி வித்தப்ப நீ எப்பிடி அழுத?” என்றாள்.

“அழுதேன். யாரு வந்து கேட்டாங்க எங்களுக்கோசரம்? ஒருத்தரும் கேக்கல. ஊரு ஒலகம் அப்பிடித்தான்னு அன்னிக்கே கத்துக்கினேன்.”

“நான் கேட்டேனே. உன்கூட அந்தக் கடை வாசல்ல வந்து நின்னு, ஓனர் வெளிய வர்ற வரைக்கும் நகர மாட்டேன்னு நின்னது நான் தான.”

கீழே கடையில் ஏதோ மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்தார்கள், தரை லேசாக அதிர்ந்தது. ஒருத்தர் பொருளைத் திருடினால் அவருக்கு எப்படி வலிக்கும் என்று தெரியாதவள் செய்திருந்தால் மன்னிக்கலாம். இவள் அடிபட்டு, அழுது, ஆற்றிக்கொண்டு, அப்புறம் அதே கோலை எடுத்து இன்னொருத்தி முதுகில் போட்டிருக்கிறாள்.

“சரி, வித்த. என் பேர எதுக்குக் குடுத்த?”

“வேலை உன்னுது தானடி. ஒரு பெருமையா இருக்கட்டுமேன்னு தான்.”

“பெருமைன்னா ரெண்டு பேரு பேரயும் குடுத்து இருக்கலாமே. போர்டுல ரெண்டு பேரும் தான இருக்குது. பில்லுல இருக்குது. உன் பேரு மட்டும் எங்க போச்சு?”

சங்கீதா ஃப்ரேம் கட்டையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

“தோலு கோட்டு, ஷாரோன். எங்க மாமியா வூட்டு சைடுல யாராச்சும் போன்ல பாத்தா இன்னா நெனப்பாங்க? சொந்தத்துல தலைகாட்ட முடியாது. உனக்கு அது ஒண்ணும்... நீ ஷூ கம்பெனில இருந்தவ தான.”

கடைசி வார்த்தை வெளியே வந்தபிறகுதான் சொன்னது என்னவென்று சங்கீதாவுக்கே தெரிந்தது. “நான் அப்பிடி சொல்ல வரலடி” என்றாள். பன்னிரண்டு வருஷம் ஒரே டிபனில் கை விட்டுச் சாப்பிட்டவள். ஷாரோனின் பெரிய மகளுக்கு முதல் கவுன் எடுத்தவள். இத்தனை நாளும் அவள் மனசுக்குள்ளே இரண்டு தட்டு இருந்திருக்கிறது. ஃப்ளோரிகாவுக்குச் செய்த துரோகத்தைக்கூட ஷாரோன் ஏதோ ஒரு வயிற்றுப்பாட்டுக் கணக்கில் வைத்துப் பார்த்திருப்பாள். இதை வைக்க அவளிடம் இடம் இல்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. நெஞ்சு மட்டும் எரிந்தது.

அவள் போனை எடுத்து ஃப்ளோரிகாவின் நம்பரைத் திறந்தாள். சங்கீதாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“யோசிச்சி செய்யி ஷாரு. நீ எதயாச்சும் சொன்னீன்னா ஏஜென்ட்டு நாளைக்கே ஆர்டர நிறுத்திடுவாரு. ஜோதிகா, துளசி எல்லாம் எங்க போவாங்க?”

அது உண்மைதான். சும்மா இருந்தால் வேலை ஓடும். ஃப்ளோரிகாவின் ஊரில் பதினோரு பெண்கள், காஞ்சிபுரத்துக் கோட்டைக் காப்பியடித்தவர்கள் என்று சந்தையில் பேர் வாங்குவார்கள். ஊர்க் கோட்டை வெளியே எடுத்துப்போய் டிசைனைப் பறிகொடுத்தவள் என்று ஃப்ளோரிகாவைச் சர்ச்சு வாசலில் நிற்கவைப்பார்கள். ஷாரோனுக்கு ஜோதிகாவின் முகமும் துளசியின் முகமும் நினைவில் வந்தன. அவர்களிடம் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள். வீடியோவை அழுத்தினாள். முகத்தை நேராக வைத்துக்கொண்டு, ஜோதிகா பிறகு இங்கிலீஷில் மாற்றட்டும் என்று தமிழிலேயே பேசினாள்.

“நான் ஷாரோன். செவிலிமேடு, காஞ்சிபுரம். கம்பெனி படத்துல போட்டிருக்குற கோட்டு என் டிசைன் இல்ல. எங்க ஊரு டிசைனும் இல்ல. அது ஃப்ளோரிகா ஊரு கோட்டு. எனக்கு ரிப்பேருக்கு வந்துச்சு. மொட்டு மட்டும் நான் போட்டது. டிரேசிங் எடுத்தது நான். வேல முடிஞ்சதும் அத்த எரிக்காம பரண்ல வச்சது நான், அது என் தப்பு. எடுத்துக் குடுத்தது என்கூட தொழில் பண்ற சங்கீதா. பிள்ளையார்பாளையம் பஞ்சாட்சரம் பொண்ணு. ஃப்ளோரிகா, இத்த நீ யாருகிட்ட வேணா காட்டலாம்மா. கம்பெனிக்கும் நானே அனுப்பறேன்.”

முடித்ததும் அனுப்பினாள். சங்கீதா அவள் கையைப் பிடிக்க வந்து, பாதியில் நின்றுவிட்டாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

“எங்கப்பா பேரு வரைக்கும் சொல்லிட்டியே” என்றாள்.

“பண்ணது நீ” என்றாள் ஷாரோன். “உன் பேரும் வரட்டும்.”

டீ குடிக்கப் போனவர்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது. சங்கீதா ஆணியிலிருந்த டிபன் பையை எடுத்துக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், அவர்களுக்கு நடுவே இறங்கிப் போனாள்.