மல்சுன் என்றொரு பேர்

தொங்யோங் துறைமுகத்தில் சொயுனின் தையல் கடைக்குள் பட்டப்பகலில் கீஹா நுழைந்தான். படகோடு மூழ்கி நாலு வருஷம் ஆனவன். கறுப்புத் தொப்பி, கறுப்பு அங்கி, கையில் ஒரு சீட்டு.

"பியோ மல்சுன்!"

அவளுடைய பழைய பேர். கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு அவனிடம் ஓடினாள். "யோவ்! கல்யாணத்துக்கு ஒம்பது நாள் இருக்கறப்ப போனவன்யா நீ! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"பியோ மல்சுன்!" என்றான் மறுபடி, சீட்டைப் பார்த்தபடியே.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எமதூதன் மூன்று தடவை பேர் சொல்வான். மூன்றாவதற்கு 'ஆமா' என்றால் உயிர் கூடவே போய்விடும். போயும் போயும் இவனையா அந்த வேலைக்கு எடுத்தார்கள்!

"என்னைத் தெரியலையா?"

"எல்லாரும் இதையேதான் கேக்கறாங்கம்மா. வேலைல சேரும்போதே மறதித் தேத்தண்ணி குடுத்துடுவாங்க. எனக்கு என் பேரே தெரியாது."

அம்மாவாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உன் இடது கால் சுண்டுவிரல் நகம் ரெண்டாப் பொளந்திருக்கும். கழட்டிப் பாரு!"

அவனும் கழற்றிப் பார்த்தான். "ஆமா, இருக்கு. அதுக்கென்ன இப்ப?" என்று காலணியை மாட்டிக்கொண்டான்.

கல்லில் போய் முட்டிக்கொள்ளலாம். அடையாள அட்டையை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். பியோ சொயுன். ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்த கடுப்பில், 'இதோடு முடியட்டும்' என்று பெற்றவர்கள் வைத்த பேர் மல்சுன். அந்தப் பேர் இருக்கும்வரை கைக்கு வந்ததெல்லாம் முடிந்துதான் போகும் என்று பேர் ஜோசியர் சொல்ல, போன வசந்தத்தில்தான் கோர்ட்டுக்குப் போய் மாற்றியிருந்தாள்.

அவன் அலுத்துக்கொண்டான். "இந்த மாசம் நீங்க ஆறாவது. ஆளாளுக்குப் பேரை மாத்திடறீங்க, மேல சீட்டை யாரு மாத்தறது? திருத்தம் வர நாப்பது வருஷம் ஆகும்."

"அப்ப நீதான் வருவியா?"

"அன்னிக்கு யாருக்கு முறையோ. நீங்களே ஆமான்னுட்டா இப்பவே கிளம்பலாம். செத்தவங்க கடக்கற ஆத்தங்கரை வரைக்கும் நான் கூட வருவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் உங்களுக்கும் தேத்தண்ணி."

இதற்கா நாலு வருஷம் அழுதாள்? அவன் வாசல்வரை போய்த் திரும்பினான்.

"ஒண்ணு கேக்கட்டுமா? மல்சுன்... நல்ல பேருதானே. எதுக்கு மாத்தினீங்க?"

ஊரே கேலி செய்த பேரை நல்ல பேர் என்று சொன்ன ஒரே ஆள் இவன்தான். அன்றைக்கும் இதே குரல்தான். அவளைத் தெரிந்து கூப்பிட்டிருந்தால் செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடியிருப்பாள். படுபாவி, மூன்றாவது தடவையும் தெரியாமல் அல்லவா கூப்பிடுகிறான்! நாக்கு நுனிவரை வந்த 'ஆமா'வைக் கடித்து விழுங்கினாள்.

"அப்படி யாரும் இங்க இல்லைங்க" என்றாள். அவனிடம் அவள் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவன் அதையே சீட்டில் எழுதிக்கொண்டு, தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனான்.