மாவுப்புழுவுக்குத் தூவிய மருந்து

மாவுப்புழு என்பது ஒருவகைக் கருவண்டின் இளம்பருவம் ஆகும். அது கோதுமைத் தவிட்டில் வளரும். கேரட் துண்டிலிருந்து தனக்கு வேண்டிய நீரைப் பெறும். வளர்ந்தபின் வளர்ப்பு மீன்களுக்கும் பறவைகளுக்கும் உயிருள்ள உணவாகும். சித்தூரில் என் வீட்டுப் பின்னறையில், பதினான்கு பிளாஸ்டிக் தட்டுகளில் இப்புழுக்களை வளர்த்து வருகிறேன். இவற்றைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் ஒரு பெரும்பிழையைச் செய்தேன்.

நான் பிறந்த ஊர் ராமகுப்பம். அங்கே எங்கள் குடும்பத்தார் பட்டுப்புழு வளர்ப்பவர்கள். புழு தோலுரிக்கும் காலத்தில், வெள்ளை மருந்துத்தூளை மெல்லிய துணியில் கட்டிப் புழுக்கள் கிடக்கும் படுக்கையின்மேல் தட்டித் தூவுவோம். நோய் அண்டாது. சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மாவுப்புழுக்கள் ஒரு தட்டில் வெளுத்துத் தோலுரித்துக் கிடந்தன. அண்ணனுடைய கொட்டகையிலிருந்து கொண்டுவந்த தூள் அலமாரியில் இருந்தது. சிந்தித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். கை தானாகவே தூவிவிட்டது.

மறுநாள் காலை அத்தட்டிலிருந்து இருநூறு புழுக்களைச் சலித்து, பெட்டியில் அடைத்து, பேருந்து நடத்துநர் சிட்டிபாபுவிடம் கொடுத்துத் திருப்பதிக்கு அனுப்பினேன். அங்கே ஹேமநாத் என்பவர் அரோவானா என்னும் விலையுயர்ந்த மீன் ஒன்றைத் தொட்டியில் வளர்க்கிறார். ஒன்பது மணிக்கு அவர் தொலைபேசியில் பேசினார். பெட்டி கிடைத்தது என்றும், அதை மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தரிசனத்திற்கு மலையேறுவதாகவும் கூறினார்.

நண்பகலில் தட்டுகளின் கீழே ஒரு பல்லி மல்லாந்து கிடந்தது. அதன் வாயில் பாதிப் புழு இருந்தது. வாயோரத்தில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது.

எங்கள் ஊரில் பட்டுப்புழுவை எவரும் உண்பதில்லை. மாவுப்புழுவோ உண்ணப்படுவதற்கென்றே வளர்க்கப்படுவது.

ஹேமநாத்தை அழைத்தேன். தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. கோயில் வரிசையில் நுழையுமுன் அதை ஒப்படைத்துவிட வேண்டும் அல்லவா? அவர் மனைவியின் எண் என்னிடம் இல்லை. வீடு மட்டும் தெரியும். மூன்று மணி ஆனால் மீன் பசியில் கண்ணாடியை முட்டும் என்று அவர் பெருமையாகச் சொன்னதும் நினைவிருந்தது. ஓடிச்சென்று திருப்பதிப் பேருந்தில் ஏறினேன்.

அதே சிட்டிபாபுதான் சீட்டுக் கொடுக்க வந்தார். "இன்னா புழுக்காரம்மா, காலைல பெட்டி போச்சு, இப்ப நீயே பார்சலா வந்துக்கினு கீற?"

என்னால் சிரிக்க இயலவில்லை. "எத்தினி மணிக்குண்ணா போய்ச் சேரும்?"

"ரெண்டே முக்கால். இன்னா மூஞ்சி இப்பிடி வேர்த்துக்கினு கீது? தண்ணி குடி."

பூதலப்பட்டில் வண்டி நின்றது. சந்திரகிரியில் மறுபடியும் நின்றது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கடிகாரத்தைப் பார்த்தேன். வழியில் ஒரு பொய்யையும் தயாரித்துக்கொண்டேன். தவறான பெட்டி வந்துவிட்டது என்று கூறித் திரும்ப வாங்கிவிட்டால், எவருக்கும் எதுவும் தெரியவராது.

ஆட்டோவிலிருந்து இறங்கியபோது மூன்று மணி பத்து நிமிடம். ஹேமநாத்தின் மனைவி மோனிகா கதவைத் திறந்தாள்.

"ரண்டி ரண்டி, வா சுலோச்சனாக்கா! இம்மாந்தூரம் இன்னா விஷயம்?"

"பெட்டி மாறிப்போச்சும்மா. அதக் குடு, வேற அனுப்புறேன்."

"நல்லா கேட்ட போ! இப்பத்தான் நாலு போட்டேன். லபக்குனு துன்னுட்டு இன்னும் குடுங்கிற மாரி பாக்குது."

நான் கதவுச் சட்டத்தைப் பற்றிக்கொண்டேன். என் பொய் இனிப் பெட்டியைத்தான் மீட்கும், மீனை மீட்காது. உண்மையைச் சொன்னாலொழிய அவள் தொட்டித் தண்ணீரை மாற்றமாட்டாள்.

"மோனிகா, பெட்டி மாறல. புழு மேல மருந்து போட்டுட்டேன். அதத் துன்ன பல்லி ஒண்ணு எங்கூட்டுல செத்துக் கெடக்குது."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றது. "விளையாடாதக்கா."

"சத்தியமா."

"அய்யய்யோ! அவரு எம்பேரச் சொல்லிக் கூப்புட்டதவிட அதுங்கூடப் பேசினதுதாங்கா நெறைய. வந்து கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

"அப்புறம் திட்டு. மொதல்ல தண்ணிய மாத்தணும்."

"கொழாத் தண்ணி ஊத்தக் கூடாதுன்னுவாரு. டிரம்முல மூணு நாளுத் தண்ணி கீது."

குழாய் வைத்துப் பாதித் தண்ணீரை இறக்கினோம். வாளி வாளியாக டிரம்மிலிருந்து மொண்டு ஊற்றினோம். அவசரத்தில் சிந்தியதால் தரையெல்லாம் நீராயிற்று. வெள்ளித்தகடு போன்ற அந்த மீன் ஒரு மூலையில் தலையைச் சாய்த்து அசைவற்று நின்றது. பிறகு வாயைப் பிளந்தது. ஒரு புழு வெளியே வந்தது. சற்று நேரத்தில் இன்னொன்றும் வந்தது. மோனிகா வலையால் அவற்றை அள்ளினாள். மற்ற இரண்டுக்காகக் காத்திருந்தோம். அவை வரவேயில்லை.

தொலைபேசி ஒலித்தது. மோனிகா திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அவருதான். நீயே சொல்லு."

தொலைபேசியை வாங்கிக் காதில் வைத்தேன். அவர் பக்கத்திலிருந்து "கோவிந்தா, கோவிந்தா" என்னும் குரல்கள் கேட்டன. நான் தூளைப் பற்றிக் கூறினேன். பல்லியைப் பற்றிக் கூறினேன். பொய் சொல்லப் பார்த்ததையும் மறைக்காமல் கூறினேன்.

அவர் என்னைத் திட்டாமல் மீனைப் பற்றிக் கேட்டார்.

"எத்தினி துன்னுச்சு?"

"நாலு. ரெண்டத் துப்பிடுச்சு."

"மூச்சு வுடுதா?"

"வுடுதுங்க."

"நான் வர்ற வரிக்கும் நீ அந்தத் தொட்டிய வுட்டு நகரக் கூடாது. புரிஞ்சுதா?"

அது கோபமா, கெஞ்சலா என்று என்னால் அறிய முடியவில்லை. மலையிலிருந்து அவர் இறங்கி வர இரண்டு மணி நேரம் ஆகும். ஈரத்தரையில் அமர்ந்து கண்ணாடியில் நெற்றியை வைத்தேன். மீனின் செவுள் திறந்தது, மூடியது. மூடியபின் மறுபடியும் திறக்கும்வரை நானும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.