போரியல் கிரௌனின் பின்கயிறு

போரியல் கிரௌன் என்ற உல்லாசக் கப்பல் செப்டம்பர் கடைசியில் கெல்ப் ஹார்பரை விட்டுக் கிளம்பியபோது அதன் பின்கயிறு துறையின் இரும்புத் தூணிலேயே மாட்டிக் கிடந்தது. கப்பல் மெக்ஸிகோ போய்ச் சேர்ந்த பிறகும் அது அறவில்லை. அந்த வாரம் டீசல் விலை ஏறியது, உருளைக்கிழங்கு மூட்டைகள் வந்து சேரவில்லை, கயிறு நீண்டுகொண்டே போனது. ஊரில் மூன்றையும் ஒரே மூச்சில்தான் பேசினார்கள். அலாஸ்காவின் தெற்கு மூலையில், ஒரு தீவில் இருக்கும் அந்த ஊருக்கு மே முதல் செப்டம்பர் வரை கப்பல்கள் வரும். கடைசிக் கப்பல் போனதும், பயணிகளை நம்பி வந்த நகைக்கடைக்காரர்கள் ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். மிச்ச மாதங்கள் மழைக்குச் சொந்தம்.

தப்பு செய்தவன் லைல் ஹாகன். மீசை முளைத்த நாளிலிருந்து துறையில் கயிறு பிடிப்பவன். கப்பல் கிளம்பும்போது மேலிருந்து அதிகாரி விசில் ஊதுவார். கீழே நிற்பவன் தூணிலிருந்து கண்ணியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். கை தூக்கினால் கப்பல் நம்பும். அதற்கு மேல் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. லைல் அன்று கையை மட்டும் தூக்கினான். அவன் மனைவி நெனிதா அந்தக் கப்பலில், ரொட்டி சுடும் அறையில், வேலைக்குச் சேர்ந்து போய்க்கொண்டிருந்தாள்.

துறையின் மேஸ்திரி கர்டிஸ் இதைப் பார்த்துவிட்டு வாயிலிருந்த புகையிலையைத் துப்பினான்.

“கையத் தூக்கினியே, கயித்தத் தூக்கினியா?”

“மறந்துட்டேன்.”

“மறந்துட்டானாம். அடுப்ப அணைக்க மறந்தேன்னு சொல்லு, நம்புறேன்.”

அதற்குள் கப்பல் கரை முனையைத் தாண்டிவிட்டது. கயிறு தண்ணீருக்கு மேல் விரைப்பாக எழுந்து, ஒரு முறை உதறிக்கொண்டு, நீள ஆரம்பித்தது.

நெனிதா சண்டை போட்டுக்கொண்டு போனவள் இல்லை. அவள் தாத்தா பிலிப்பைன்ஸிலிருந்து மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைக்கு வந்தவர். ஒரு சீசனுக்கு என்று வந்து அங்கேயே மண்ணானவர். அவள் அப்பாவும் அப்படியே. தனக்கும் அதே கதைதானா என்று அவளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அக்டோபரிலும் மாவு பிசைந்துகொண்டே, “எங்கயாச்சும் போய்ட்டு வரலாமா?” என்று கேட்பாள். லைலுக்கு எந்தக் கப்பல் குளிர்காலத்தில் எங்கே போகிறது என்பது அத்துப்படி. இந்தக் கப்பல் அகபுல்கோ, அந்தக் கப்பல் பார்படோஸ், இன்னொன்று சிட்னி என்று துறைமுகங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அங்கே தண்ணீர் என்ன நிறம் என்பது வரை விவரிப்பான். அவன் போனதில்லை, மாலுமிகள் சொல்லிக் கேட்டது. சொல்லி முடித்ததும் போய்வந்த களைப்போடு, “அடுத்த வருஷம் போலாம்” என்பான். கல்யாணமாகி வந்த எல்லா வருஷமும் அடுத்த வருஷமாகவே கழிந்தது. அவன் கெட்டவன் இல்லை. சோம்பேறியும் இல்லை. சொன்னாலே போதும் என்று நினைத்துவிட்டான், அவ்வளவுதான்.

போரியல் கிரௌன் புதுக் கப்பல். அந்தத் துறைக்கு வந்ததிலேயே பெரியது. அது வந்து நின்றால் கீழத்தெருவில் மத்தியானம் வரை வெயில் விழாது. இவ்வளவு பெரிய கப்பலைச் சீசன் இல்லாத மாதங்களில் எங்கே ஓட்டுவார்கள் என்று கம்பெனியே முடிவு செய்யவில்லை என்று பேச்சு. மதுக்கடையில் ஆளாளுக்கு ஒரு கடலைச் சொன்னார்கள். ஆகஸ்டில் ஒரு நாள் சாப்பிடும்போது லைல், “இந்தக் கப்பல் எங்க போகும்னு எனக்கே தெரியல, நெனிதா” என்றான்.

“தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்” என்றாள் அவள்.

அவன் சிரித்தான். அவள் அதற்கு முந்தின வாரமே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

குளிர்காலம் வந்தது. கயிறு துறையிலிருந்து கிளம்பி, மரங்களுக்கு மேலே உயர்ந்து, தெற்கே மேகத்துக்குள் போயிற்று. அதன் மேல் கடற்காகங்கள் வரிசையாக உட்கார்ந்தன. மீன்பிடிப் படகுகள் அதன் அடியில் வரும்போது கம்பத்தை மடக்கிக்கொண்டன. இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. நவம்பரில் தொட்டால் கயிறு வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு நாள் எலுமிச்சையும் பொரித்த மீனும் மணத்தன. மஸாட்லான், என்றான் லைல். ஜனவரியில் அது நாள் முழுக்க நசுங்கி நசுங்கி மீண்டது. பனாமா கால்வாயில் கதவுகள் அதன் மேல் மூடித் திறப்பதாக லைல் சொன்னான். கால்வாய்க்காரர்கள் புகார் எதுவும் அனுப்பவில்லை. கப்பல் எங்கே இருக்கிறது என்று தெரிய விரும்பியவர்கள் துறைக்குப் போய்க் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

லைல் தினமும் காலையில் காபியோடு போய் நிற்பான். அந்த முனையில் நெனிதா ரொட்டி எல்லாம் அடுப்பிலிருந்து இறக்கி முடிந்த நேரம் கயிறு இரண்டு தரம் இழுபடும். இவனும் இரண்டு தரம் இழுப்பான். அவளிடமிருந்து போன் இல்லை, இவனும் போடவில்லை. கர்டிஸுக்கு இது பொறுக்கவில்லை.

“உலகத்துல எல்லாரும் போன்ல பேசுறான். நீ கயித்துல பேசுற.”

“போன் எடுத்தா என்ன சொல்றதுன்னு தெரியல.”

“வாடின்னு சொல்லு. இல்ல, நான் வர்றேன்னு சொல்லு. ரெண்டுல ஒண்ணு. வாய் என்ன வாடகைக்கா விட்டிருக்க?”

லைல் காபியைக் குடித்தான்.

பிப்ரவரியில் கம்பெனி முடிவெடுத்தது. வடக்கின் மழையைப் பற்றிப் பயணிகள் ஏகப்பட்ட குறை எழுதியிருந்தார்கள். கப்பலும் சின்னத் துறைகளுக்குப் பெரிது. இனி கோடையிலும் அது வெப்பக் கடல்களிலேயே ஓடும், அலாஸ்காவுக்குத் திரும்பாது. செய்தி வந்த அன்று கயிறு நீள்வதை நிறுத்தி முறுக்கேறியது. தூண் ஒரு மாடு மாதிரி முனகியது. மறுநாள் அரசாங்கப் படகு தபாலோடு வந்து, தீவு இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. கப்பல் தீவை இழுத்துக்கொண்டு போகிறது என்பது சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. பனி உருகியது. சூரியன் சீக்கிரம் வந்தது. பெண்கள் கை இல்லாத சட்டையைத் தேடி எடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் மழைக்கோட்டு மாட்டும் ஆணிகள் காலியாக இருந்தன. மதுக்கடையில் ஒருவர், இப்படியே போனால் மே மாதம் தென்னை மரம் வைக்கலாம் என்றார். இன்னொருவர், முதலில் பழைய கடனையெல்லாம் இந்த ஊர்ச் சட்டம் செல்லாத இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகட்டும் என்றார். “இழுக்கட்டும்யா” என்றான் கர்டிஸ். “எங்க வீட்டுல ஹவாய் ஹவாய்னு என் உயிர எடுக்குறா. டிக்கெட் மிச்சம்.”

மார்ச் கடைசியில் மார்வின் ஜார்ஜ் லைலின் வீட்டுக் கதவைத் தட்டினான். மார்வின் அந்தக் கரையின் ஆதிகுடியான டிலிங்கிட் இனத்தான். ஒவ்வொரு வசந்தத்திலும் அவன் ஆட்கள் ஹெம்லாக் மரக்கிளைகளை வெட்டிக் கரையோரம் தண்ணீரில் இறக்கிவைப்பார்கள். ஹெர்ரிங் மீன்கள் வந்து அவற்றில் முட்டையிடும். கிளை வெள்ளை வெளேரென்று கனத்துப்போனதும் தூக்கி எடுத்து, முட்டையைச் சாப்பிட வீடு வீடாகக் கொடுப்பார்கள். மார்வின் கையிலிருந்த கிளை பச்சையாகவே இருந்தது. அதை லைலின் சமையல் மேஜை மேல் வைத்தான்.

“பாரு. ஒரு முட்டை இல்ல.”

“இந்த வருஷம் லேட்டா இருக்கும்.”

“லேட் இல்லப்பா. அது வந்துருச்சு. நம்ம பழைய இடத்துக்கு வந்து, கரையத் தேடிச் சுத்திச் சுத்தி வருதாம். படகுக்காரன் பாத்துட்டு வந்து சொன்னான். கடலே வெள்ளையாக் கிடக்குதாம், முட்டை ஒட்ட ஒரு செடி இல்லாம.” மார்வின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “உன் வீட்டுச் சமாச்சாரத்துல நான் தலையிடல. ஆனா மீனு உன்ன என்ன பண்ணுச்சு?”

லைலால் அந்தக் கிளையைப் பார்க்க முடியவில்லை.

ஊர்க்கூட்டம் நடந்தது. கோடரி எடுத்து வெட்டிவிடலாம் என்றார்கள். கர்டிஸ் எழுந்து நின்றான். அன்றைக்கு அவன் கேலி பேசவில்லை. இவ்வளவு முறுக்கேறிய கயிற்றை வெட்டினால் அது திரும்பி அடிக்கும். சாதாரணக் கப்பல் கயிறு அறுந்து அடித்தே அவன் தம்பிக்கு இரண்டு காலும் போயின. இது அடித்தால் கீழத்தெரு மேலத்தெரு இரண்டையும் வழித்துக்கொண்டு போகும். தூணிலிருந்து கண்ணியைக் கழற்றவும் முடியாது, அது இரும்போடு இரும்பாக இறுகிவிட்டது. ஒரே வழி, அந்த முனையில் இருப்பவர் தளர்த்துவது. எல்லாரும் லைலைப் பார்த்தார்கள்.

“மூணு நீள இழுப்பு இழு” என்றான் கர்டிஸ். “தளர்த்துன்னு அர்த்தம். அவ உன்கூட எத்தன வருஷம் இருந்திருக்கா, புரிஞ்சுக்குவா.”

மறுநாள் காலை ஊர் முழுக்கத் துறைக்கு வந்து நின்றது. கயிறு இரண்டு தரம் இழுபட்டது. லைல் அதைப் பிடித்தான். மூன்று இழுப்பு இழுக்கவில்லை. கயிற்றைத் தோளில் போட்டு, குதிகாலை ஊன்றி, முகம் சிவக்கும்வரை விடாமல் ஒரே இழுப்பாக இழுத்தான். கயிறு பிடிப்பவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும்: உள்ளே வா. கர்டிஸுக்கும் தெரிந்தது. அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கயிறு ஒரு முழம் தளர்ந்தது.

ஊர் கைதட்டியது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் தளர்ந்தது, அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். தீவு நின்றது, பிறகு, வீட்டு ஞாபகம் வந்த மாடு மாதிரி, தானாகவே வடக்கே திரும்ப ஆரம்பித்தது. அவள் தளர்த்துகிறாள் என்று ஊர் நினைத்தது. லைல் அப்படி நினைக்கவில்லை. கப்பல் துறையை நெருங்கும்போதும் கயிறு இப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாக, அடக்கமாகத் தளரும். அவன் வாழ்நாள் முழுக்கக் கையில் பிடித்துப் பழகிய தளர்வு அது. தளரத் தளர லாரியில் கட்டி உள்ளே இழுத்தான். சமையலறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்தான். அவள் பல வருஷமாகக் கேட்டது. இரண்டு பேருக்குப் பெட்டிகள் வாங்கினான். முதலில் எந்த ஊருக்குப் போவது என்பதை அவளே சொல்லட்டும் என்று விட்டுவைத்தான்.

“வர்றா” என்றான் கர்டிஸிடம்.

“லைல்.”

“நீயே தொட்டுப் பாரு. எப்படி நிதானமா வருது பாரு.”

கர்டிஸ் தொட்டுப் பார்த்தான். “ஆமா, நிதானமாத்தான் வருது” என்றான். காலை நேரத்து இரண்டு இழுப்பு நின்றுபோயிருந்தது. வருகிற அவசரத்தில் இருப்பாள் என்று லைல் சொல்லிக்கொண்டான்.

ஏப்ரல் பாதியில், தூறலில், கயிற்றின் மறுமுனை தண்ணீரிலிருந்து துறைமேடைக்கு ஏறி வந்தது. அதன் பின்னால் கப்பல் இல்லை.

லைல் மண்டியிட்டு அதைக் கையில் எடுத்தான். கோடரி பட்ட வெட்டு இல்லை. அறுந்த பிசிறும் இல்லை. கடைசிப் பல அடிகளுக்கு நூல்கள் தேய்ந்து, கருகி, கண்ணாடி மாதிரி வழவழத்துக் கிடந்தன. கப்பலின் இரும்புக் குமிழில் எட்டு வடிவில் சுற்றிய கயிற்றை ஒருவர் உதறிவிடாமல், ஒரு விரற்கடை விட்டு, பிடித்து, மறுபடி ஒரு விரற்கடை விட்டு, வாரக்கணக்கில் தளர்த்தினால் வரும் தேய்மானம் அது. முழுப் பாரத்தையும் தன் பக்கம் வாங்கிக்கொண்டு, இந்தப் பக்கம் நிற்பவன் மேல் கயிறு திரும்பி அடிக்காதபடி விடுவது. கடைசிச் சுற்று வரைக்கும் அவள் அப்படித்தான் விட்டிருந்தாள்.

கர்டிஸ் பக்கத்தில் குந்தி, அந்த வழவழப்பை விரலால் தடவினான்.

“கையில தோலே இருந்திருக்காது” என்றான்.

லைல் தலையாட்டினான். கயிற்றை அவன் யாரிடமும் கொடுக்கவில்லை. இருட்டும் வரை அந்த நுனியை மடியில் வைத்துக்கொண்டு மேடையிலேயே இருந்தான். மழை பெய்தது, நின்றது, மறுபடி பெய்தது. யாரோ ஒரு தார்ப்பாயைக் கொண்டுவந்து அவன் மேல் போட்டுவிட்டுப் போனார்கள்.

தீவு பழைய இடத்துக்குச் சற்று மேற்கே வந்து நின்றது. அளப்பவர்கள் வந்து அளந்து, வரைபடத்தைத் திருத்திக்கொண்டு போனார்கள். ஹெர்ரிங் இரண்டாம் தடவையாகவும் வந்தது. மார்வின் கிளைகளை வீடு வீடாகக் கொடுத்தான், லைலுக்கும் ஒன்று. கயிற்றை வைக்க இடம் போதாமல் பேஸ்பால் மைதானத்தில் சுருட்டி வைத்தார்கள். அது தேவாலயத்தைவிட உயரமாக வந்தது. தெற்குக் கடல்களின் சூடு அதிலிருந்து இன்றுவரை போகவில்லை. எந்த மழையிலும் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அக்கம்பக்கத்துக்காரர்கள் கூடையோடு வந்து சட்டையையும் போர்வையையும் அதன் மேல் விரித்துவிட்டுப் போகிறார்கள், அரை மணியில் மொறுமொறுவென்று காய்ந்துவிடுகிறது. லைல் தன் துணியை அங்கே கொண்டுபோவதில்லை. மஞ்சள் சமையலறையில் ஒரு கொடி கட்டி அதில் போடுகிறான். அந்த ஊர் ஈரத்தில் ஒரு சட்டை காய வாரம் பிடிக்கும்.