நீலச் சட்டையில் தைத்த பம்பர்

றமணன் மாஸ்டர் மேல் எதுவும் படாது. மழை, பந்து, பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரின் முழங்கை, எல்லாமே அவருக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றுவிடும். அவராகப் போய் எதையும் தொடலாம். அவரைத் தேடி வருவதுதான் வந்து சேராது. 1997இல் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி மலையகத்து ஹட்டனுக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்தபோது ஊர் இதைக் கொஞ்ச நாள் பேசியது. பிறகு மண்ணெண்ணெய் விலை ஏறியதைப் பேசப் போய்விட்டது. சலூன்காரர் செல்லசாமி கத்தரிக்கோலை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நிற்பார். மாஸ்டர் தலையை அதனிடம் கொண்டுபோய்க் கொண்டுபோய் முடி வெட்டிக்கொள்வார். அடைமழையில் தேயிலைக்குள் நடந்தாலும் ஓர் அட்டைகூட அவர் காலில் ஏறுவதில்லை என்பதில் மட்டும் கொழுந்தெடுக்கும் பெண்களுக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது.

அது தொண்ணூற்றைந்தில் தொடங்கியது. சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்த அந்த ஐப்பசி மழையில், காய்ச்சலில் துவண்டு கிடந்த மனைவி கஜனியைத் தூக்கிக்கொண்டு அவரும் கூட்டத்தோடு நடந்தார். அவள் தலை அவருடைய இடது தோளில் சாய்ந்திருந்தது. கைதடிப் பக்கம் ஒரு மரத்தடியில் இறக்கியபோதுதான் அவள் உயிரோடு இல்லை என்று தெரிந்தது. வழியில் எந்த இடத்தில் போனாள் என்று அவருக்குத் தெரியாது. அவளைப் புதைத்துவிட்டு நிமிர்ந்தபோது மழை அவரைச் சுற்றித்தான் விழுந்துகொண்டிருந்தது, அவர்மேல் விழவில்லை. அவர் அழவுமில்லை. அன்று போட்டிருந்த நீலச் சட்டையைத் துவைத்து மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தார். அதன் பிறகு வந்த வருடங்களில் சாப்பிட்டார், படிப்பித்தார், விடைத்தாள் திருத்தினார். சுகமா என்று கேட்டால் ஓம் என்பார். கவலையா என்று கேட்டாலும் ஓம் என்பார்.

2006இல் கொழும்பில் பாடசாலைகளுக்கு ஒரு ரோபோப் போட்டி வைத்தார்கள். இரண்டு ரோபோக்கள் ஒரே மேடையில் ஓடி, மரக்கட்டைகளைத் தங்கள் பக்கம் தள்ளிச் சேர்க்க வேண்டும். ஒன்றையொன்று முட்டலாம், ஆனால் நான்கு பக்கமும் பலகையில் மெத்தென்று ஏதாவது வைத்து, துணியால் மூடித் தைத்த பம்பர் கட்டாயம். உயர்தர வகுப்புச் சுலக்ஷனாவும் வினோஜனும் பழைய லொறியின் வைப்பர் மோட்டரையும் மோட்டார்சைக்கிள் பேட்டரியையும் வைத்து ஒரு ரோபோ செய்தார்கள். அது நன்றாகவே ஓடியது. பம்பர்தான் சரிவரவில்லை. ரப்பர் செருப்பை வெட்டி வைத்தால் ரோபோ துள்ளிக் குப்புற விழுந்தது. சைக்கிள் டியூப் வெடித்தது. மெத்தைப் பஞ்சு ஹட்டன் பனியில் ஈரத்தைக் குடித்து ஊதிப்போனது. மோதிய மோதலில், போட்டிக்காரர்கள் அனுப்பிய சேர்க்கிட் பலகைகளில் இரண்டு வெடித்துப் போய், கடைசி ஒன்றுதான் மிஞ்சியது. அது உடைந்தால் போட்டியும் இல்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் ரோபோ கட்டுக்கடங்காமல் ஓடி, மாஸ்டரின் காலை நோக்கிப் போனது. ஒரு சாண் தள்ளி நின்று, சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சுலக்ஷனா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார், ஒங்க சட்டை ஒன்னு குடுப்பீங்களா? பம்பருக்குப் போர்த்திப் பாக்குறோம்."

தினமும் போடும் வெள்ளைச் சட்டை ஒன்றைக் கொடுத்தார். பலன் இல்லை, சுவரில் முட்டிச் சக்கரம் வளைந்தது. மறுநாள் யாரும் கேட்காமலே அவர் நீலச் சட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இது என்ர மனுசி செத்த அண்டைக்குப் போட்டிருந்தது."

சுலக்ஷனா கையை எடுத்துக்கொண்டாள். "வேணாம் சார். நாங்க வேற ஏதாச்சும் பாக்குறோம்."

"வெட்டுங்கோ பிள்ளை. பெட்டிக்குள்ள கிடந்து என்ன செய்யப்போகுது."

அதைச் சொன்னபோது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. சுலக்ஷனாவின் அம்மா நாகலெட்சுமி கொழுந்தெடுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்து, தோட்டத்து லயத்து வீட்டில் தையல் மெஷினில் அதை நான்கு உறையாகத் தைத்தாள். தோள்பட்டையில் துணி இரட்டையாக இருந்ததால் அதை முன்பக்கத்துக்கு வைத்தாள். சனிக்கிழமை ரோபோவை முழு வேகத்தில் சுவரில் முட்டவிட்டார்கள். சத்தமே வரவில்லை, ஓர் ஆணிகூட அசையவில்லை. ஜன்னலோரம் நின்ற மாஸ்டர் மட்டும் இடது தோளைத் தடவிக்கொண்டார். வாயுப் பிடிப்பு என்று நினைத்தார்.

போட்டிக்குப் போன அன்று கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இராணுவம் மறித்தது. வயரும் பேட்டரியுமாகத் தமிழ்ப் பிள்ளைகள் வந்து நின்றால் விடுவார்களா? வினோஜன் சிங்களத்தில் விளக்கினான், ரோபோவைக் கழற்றிக் காட்டினான். ஒரு சிப்பாய் மாஸ்டரைக் கையைத் தூக்கச் சொல்லி, இடுப்பையும் முதுகையும் தடவிப் பார்த்தான். பதினொரு வருடத்தில் அவரை வந்து தொட்ட முதல் கை அதுதான். அது சூடாக இருந்தது. சோதனை முடிந்து சிப்பாய் போகச் சொன்ன பிறகும் அவர் கையைத் தூக்கியபடியே நின்றார்.

போட்டியில் முதல் ஆட்டத்திலேயே எதிர் ரோபோ வேகமாக வந்து பக்கவாட்டில் இடித்தது. அவர்களுடைய ரோபோ அதிரக்கூட இல்லை. பார்வையாளர் வரிசையில் மாஸ்டர் விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அடுத்த இடி பின்னால் விழுந்தது. அவருடைய முதுகு நெளிந்தது. சுலக்ஷனா ரோபோவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆட்டம் முடிந்ததும் ஓடிவந்தாள்.

"சார், எல்லா அடியும் ஒங்களுக்குத்தான் விழுகுது. கழட்டிருவோம். தோத்தாலும் பரவால்ல."

"வேண்டாம்."

"வலிக்குதுல்ல சார்?"

"நோகுது பிள்ளை," என்றார் அவர். அந்தச் சொல்லைச் சொல்லி எத்தனையோ காலமாகியிருந்தது. "விடுங்கோ, ஆடட்டும்."

அரையிறுதியில் இரண்டு ரோபோக்களும் நேருக்கு நேர் முட்டின. அடி மாஸ்டரின் இடது தோளில் இறங்கியது. வலியைவிட ஒரு கனம்தான் அதிகமாக இருந்தது. ஒரு தலையின் கனம். அவருக்கு அந்தக் கனம் தெரியும். முதலில் லேசாகவும், பிறகு சட்டென்று பாரமாகவும் இருந்தது. அந்தப் பாரம் கூடிய இடத்தில் வலது பக்கம் ஒரு பூட்டிய கடையும், வாசலில் கவிழ்ந்து கிடந்த ஒரு சைக்கிளும் இருந்தன என்பது அவருக்கு நினைவு வந்தது. கைதடிக்குப் போகும் வழியில், நாவற்குழிப் பாலம் வருமுன். அங்கேதான் போயிருக்கிறாள். அவர் கதிரையில் உட்கார்ந்து அழுதார். பக்கத்திலிருந்தவர்கள் பாடசாலை தோற்றதற்கு அழுகிறார் என்று நினைத்துத் தேற்றினார்கள். உண்மையில் அந்த ஆட்டத்தில் தோற்றுத்தான் இருந்தார்கள். மூன்றாமிடம் கிடைத்தது.

அதன் பிறகு அவர் மழையில் நனைந்தார், எல்லாரையும்போலக் குடை வாங்கினார். பாடசாலை ஒவ்வொரு வருடமும் அதே பம்பரோடு போட்டிக்குப் போனது. வேறு துணி போடலாமா என்று அதிபர் ஒருமுறை கேட்டார். மாஸ்டர் வேண்டாம் என்றார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. போட்டி முடிந்த வாரத்தில் அவருக்கு லீவு என்பது நேரசூசியிலேயே எழுதப்பட்டது. பிள்ளைகளோடு அவர் கொழும்பிலிருந்து திரும்பும் ரயில் ஹட்டனை நெருங்கி வட்டவளை தாண்டும் நேரத்துக்கு நாகலெட்சுமி வாணலியில் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து வைப்பாள். அவர் வந்து சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டி உட்காருவார். அவள் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இந்த வருடம் எந்தப் பாடசாலை ஜெயித்தது என்று கேட்பாள். அவர் பதில் சொல்லிவிட்டு, "இன்னும் கொஞ்சம் கீழ, அங்கதான்," என்பார்.