பதினேழாம் அறையின் மன்னிப்புக் கடிதம்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை. சிதம்பரத்துக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் கல்லூரியின் முதல்வர் கேட்டதால் எழுதுகிறேன். போதை எதிர்ப்பு மன்றத்தின் ஆண்டு மலருக்கு மூன்று பக்கம் வேண்டுமாம். "கதையா இருக்கட்டும். ஆனா சட்டம் எல்லாம் உள்ள வந்துடணும். பசங்க படிச்சா பயப்படணும்" என்று சொல்லி ஒரு தாளையும் கொடுத்தார்.

தாளில் இருந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். தமிழ்நாட்டில் இருபத்தொரு வயது ஆகாதவர் மது வாங்கக் கூடாது. புதுச்சேரியில் வாங்கிய பாட்டிலை உரிமம் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கொண்டுவந்த வண்டியும் போகும். கஞ்சா ஒரு கிலோவுக்குள் இருந்தாலும் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். விடுதியில் பிடிபட்டால் விடுதியை விட்டு நீக்கம்.

தாளின் அடியில் பேனாவால் எழுதியிருந்தார்: "நம்ம பதினேழாம் ரூம் மேட்டரையே எடுத்துக்கலாம். பேர் மட்டும் மாத்திடுங்க."

மாற்றிவிட்டேன். மாணவனுக்கு சகாய ஆனந்த் என்று பெயர். தமிழ் நடத்தும் ஆசிரியைக்கு பெலிசியா. பாட்டிலுக்குச் சொந்தக்காரனுக்கு சேரன், ஊர் காடாம்புலியூர்.*

* ஊரும் மாற்றியதுதான். முந்திரித் தோப்புகளில் போய்த் தேட வேண்டாம்.

2

தொடக்கம் ஒன்று: "சேரக் கூடாதவர்களோடு சேர்ந்ததால் கெட்டான் ஒரு மாணவன். அவன்…"

(அடித்துவிட்டேன். அவன் கெடவில்லை.)

தொடக்கம் இரண்டு: "ஆல்பேட்டை சோதனைச் சாவடியை நெருங்கும்போது அவன் நெஞ்சு படபடத்தது. பையின் அடியில் நான்கு பாட்டில்…"

(இதையும் அடித்துவிட்டேன். நன்றாக வந்திருந்தது, அதுதான் தொல்லை. அன்றைக்கு அவன் அந்தச் சாவடிப் பக்கமே போகவில்லை. இந்த வரியை ஏற்கெனவே ஒருமுறை எழுதிப் பட்டாகிவிட்டது.)

கடலூரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆற்றுப் பாலம் தாண்டிச் சிறிது தூரம் போனால் புதுச்சேரி. அங்கே பதினெட்டு வயது போதும், விலையும் குறைவு. கடலூர்ப் பிள்ளைகள் அதை வேறு ஒரு சட்டம் நடக்கிற இடமாக நினைப்பதே இல்லை. பெட்ரோல் போடப் போவார்கள், துணி எடுக்கப் போவார்கள். ஒரு கடலூர்ப் பையன் அங்கே போய் நாலு பாட்டில் வாங்கிவந்தான் என்று எழுதினால் யாரும் நிறுத்தி யோசிக்க மாட்டார்கள். உடனே நம்புவார்கள்.

3

அந்த விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. அயர்ன் பாக்ஸோ, கெட்டிலோ, நேரம் கழித்து வந்த பிரியாணிப் பொட்டலமோ, எது பிடிபட்டாலும் அறைக்கு ஒரு மன்னிப்புக் கடிதம். நாலு பேரில் ஒருவன் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு எழுதுவான். அடுத்த முறை அடுத்தவன். முறை வைத்து எழுதுகிறார்கள் என்பது வார்டனுக்கும் தெரியும். யார் செய்தது என்று துருவினால் வேலை ஜாஸ்தி. கடிதம் வந்துவிட்டால் கோப்பை மூடிவிடலாம். எழுதியவனும் அதை நம்புவதில்லை, வாங்கியவரும் நம்புவதில்லை. வருடக்கணக்கில் இப்படியே ஓடியது.

பதினேழாம் அறையில் சேரனின் கட்டிலுக்கு அடியில் நான்கு பாட்டில் கிடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நான்கிலும் புதுச்சேரி முத்திரை. அக்கா கல்யாணத்துக்கு யாரோ வாங்கி மிஞ்சியதை சேரன் வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தான். சகாய ஆனந்த் குடிக்க மாட்டான். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்தும் ஓட்டமும் தேறி, பின்னணி விசாரணை ஒன்றுதான் பாக்கி என்று காத்திருந்தவன் அவன். ஆனால் கடித முறை அவனுடையது.

"என் டர்ன்தான் மச்சான், நான் பாத்துக்கறேன்" என்று சேரனிடம் சொல்லிவிட்டு, மதிய இடைவேளையில் கடிதத்தோடு ஆசிரியர் அறைக்கு வந்தான்.

4

(இந்தப் பகுதியை நாலு தடவை எழுதிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் பெலிசியா கொஞ்சம் நல்லவளாகிக்கொண்டே வந்தாள். இது ஐந்தாவது தடவை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.)

பெலிசியா அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவை மூடியிருந்தாள்.

"மிஸ், கொஞ்சம் பாத்துக் குடுங்க. போன தடவ எங்க ரூம் யாசர் எழுதினத வார்டன் தூக்கிப் போட்டுட்டாரு. ரெண்டு வரில என்னாடா மன்னிப்புன்னு கேட்டாரு."

பெலிசியா வாங்கிப் படித்தாள். இதுவும் இரண்டு வரிதான்.

"இதுல ஒண்ணுமே இல்லியேப்பா. படிக்கிறவங்க மனசு எப்பிடி எறங்கும்? எங்க வாங்கின, எப்ப போன, எப்பிடிக் கொண்டாந்த, இதெல்லாம் வேணாமா?"

"நான் வாங்கல மிஸ். இது சும்மா டர்ன்."

"தெரியும்பா. ஆனா எழுதுனா நம்புற மாதிரி எழுதணும்ல. ஞாயித்துக்கிழம எங்க இருந்த?"

"வீட்ல, திருப்பாதிரிப்புலியூர்ல. அக்கா பொண்ணுக்குச் சர்ச்ல புதுநன்மை."

"பூசை எத்தன மணிக்கு முடிஞ்சுது?"

"பத்து இருக்கும் மிஸ். அப்பறம் கேக் வெட்டுனாங்க. ரூமுக்கு ஒரு டப்பா எடுத்தாந்தேன்."

கேக் டப்பா என்றதும் பெலிசியாவுக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது. அதை மறைக்கப் போவதில்லை. அவள் பத்திரிகைகளில் கதை எழுதுகிறவள்; இரண்டு வெளியாகியிருக்கின்றன. ஒரு டப்பா கிடைத்தால் முழுக் காட்சியும் கிடைத்த மாதிரி. அவள் சொல்லச் சொல்ல அவன் தன் உருண்டைக் கையெழுத்தில் எழுதினான். பூசை முடிந்ததும் நண்பனின் வண்டியை வாங்கிக்கொண்டு எல்லை தாண்டிப் போனது, நான்கு பாட்டில் வாங்கியது, அவற்றைப் பையின் அடியில் வைத்து மேலே அக்கா மகளின் புதுநன்மைக் கேக் டப்பாவை வைத்து மறைத்தது, சோதனைச் சாவடியில் நெஞ்சு படபடத்தது, அந்தப் பிள்ளையின் வெள்ளை உடை நினைவுக்கு வந்து வெட்கப்பட்டது. எல்லாம் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது.

எழுதி முடித்துப் படித்தவன் சிரித்துவிட்டான். "மிஸ், நானே போயி வாங்கியாந்த மாரி இருக்கு."

"அப்பிடித்தான் இருக்கணும்" என்றாள் பெலிசியா. அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது அவளுக்கு நல்ல மனநிலை.

5

பெலிசியாவுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. தெரிந்திருக்க வேண்டியது. அதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது: இனி வளாகத்தில் மதுவோ போதைப்பொருளோ எது கிடைத்தாலும் காவல் நிலையத்துக்குத் தகவல் தர வேண்டும். பதிவேட்டில் 'படித்தேன்' என்று போட்டு அவளும் கையெழுத்திட்டிருந்தாள். படிக்கவில்லை.*

* வாசகரே, நீங்கள் கடைசியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட சுற்றறிக்கை எது? நானும் யோசித்துப் பார்த்தேன்.

பாட்டில்களோடு கடிதமும் காவல் நிலையம் போனது. ஆய்வாளர் சகாய ஆனந்தை வரச்சொல்லி எதிரே உட்காரவைத்தார். அவன் நடந்ததைச் சொன்னான். முறை, டர்ன், எல்லாம். மிஸ் பெயரை மட்டும் சொல்லவில்லை.

ஆய்வாளர் கடிதத்தை இரண்டாம் தடவை படித்தார். "தம்பி, கேக் டப்பாவ மேல வெச்சேன்னு எழுதியிருக்க பாரு. இத நேர்ல செஞ்சவன்தான் எழுத முடியும்" என்றார்.

பெலிசியாவின் எழுத்துக்கு இதுவரை கிடைத்ததில் இதுவே பெரிய பாராட்டு. வழக்குப் பதிவானது. அவனை ஜாமீனில் விட்டார்கள். கடிதத்தில் வந்த நண்பனின் வண்டியையும் பிடித்து நிலைய வாசலில் நிறுத்திவிட்டார்கள், அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போகாத வண்டி அது.

6

அவன் அம்மா ஜோதி மேரி, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர். மகனிடமிருந்து எப்படியோ விஷயத்தை வாங்கிவிட்டார். பெலிசியாவைக் கூப்பிட்டார். வழக்கறிஞர் அப்துல் முத்தலிப்பின் அலுவலகம் கடைக்குப் பின்தெருவில்தான் இருந்தது. மூவரும் அங்கே உட்கார்ந்தார்கள்.

"போலீஸ்கிட்ட அவன் வாயால ஒத்துக்கிட்டான்னா அது கோர்ட்ல நிக்காது மேடம்" என்றார் வழக்கறிஞர். "இது வேற. யாரும் மிரட்டாம, காலேஜுக்குத் தன் கையால எழுதிக் குடுத்துருக்கான். அத எடுத்துப்பாங்க."

"அவன் அன்னிக்கு வீட்லதான் இருந்தான். புதுநன்மை வீடியோ இருக்குல்ல?" என்று கேட்டாள் பெலிசியா.

"வீடியோ பதினோரு மணி வரைக்கும்தான். கடுதாசில பூசை முடிஞ்சப்பறம் போனேன்னு இருக்கு. ரெண்டும் அழகாப் பொருந்துது." அவர் இதைக் கேலியாகச் சொல்லவில்லை.

வேண்டியது ஒரே ஒரு வாக்குமூலம் என்றார். அந்தக் கடிதம் எப்படி எழுதப்பட்டது என்று எழுதவைத்தவர் வந்து சொல்ல வேண்டும். பாட்டில் யாருடையது என்று அவர் சொல்லத் தேவையில்லை. தனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னால் போதும். குற்றப்பத்திரிகை போவதற்குள் சொன்னால் பையன் பெயரை எடுக்க வாய்ப்பு உண்டு. போய்விட்டால் வழக்கு வருடக்கணக்கில் நடக்கும், காவலர் வேலை அதோடு சரி.

பெலிசியா வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கப்படும் தற்காலிக ஆசிரியை. புதுப்பிக்கும் கையெழுத்து முதல்வருடையது. மாணவனைப் பொய்க் கடிதம் எழுதவைத்தவளை எந்த முதல்வர் புதுப்பிப்பார்? அண்ணாமலை நகர் வீட்டு வாடகையும் மகளின் படிப்பும் அந்தச் சம்பளத்தில்தான் நடக்கின்றன. இதையெல்லாம் அங்கே அவள் சொல்லவில்லை. ஜோதி மேரிக்கு அது தெரிந்திருந்தது.

"உங்க வேலைக்கு ஒண்ணு ஆவணும்னு நான் நெனக்கல மிஸ்" என்றார் அவர். "அவுங்க குத்தம், இவுங்க குத்தம்னு கேக்க வரல. அதுல எம்புள்ள எழுதுனது எது, நீங்க சொன்னது எது. அத மட்டும் பிரிச்சுக் குடுத்துடுங்க."

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றாள் பெலிசியா. பதினொரு நாள் யோசித்தாள். பன்னிரண்டாம் நாள் முதல்வர் அழைத்து மலருக்குக் கதை கேட்டார்.

7

இப்போது முடிவுகள்.

முடிவு அ. சகாய ஆனந்த் மனம் திருந்திப் போதை எதிர்ப்பு மன்றத்தின் மேடையில் பேசுகிறான். கைதட்டல். (முதல்வர் எதிர்பார்ப்பது இதைத்தான். திருந்துவதற்கு அவன் முதலில் ஏதாவது செய்திருக்க வேண்டும்.)

முடிவு ஆ. மூன்று வருடம் கழித்து சந்தேகத்தின் பலனை அளித்து நீதிமன்றம் அவனை விடுவிக்கிறது. ஜோதி மேரி பாதிரியாரிடம் நன்றிப் பூசைக்குப் பணம் கொடுக்கிறார். (அப்படி விடுதலையானவனைக் காவல் பணிக்கு எடுப்பது சந்தேகம்தான் என்று அப்துல் முத்தலிப் சொல்லியிருக்கிறார். மகிழ்ச்சியான முடிவு மாதிரித் தெரிவதால் சேர்த்தேன்.)

முடிவு இ. சேரன் தானாகவே காவல் நிலையத்துக்கு நடந்து வருகிறான். மழை பெய்கிறது. ஆய்வாளர் நிமிர்ந்து பார்க்…

(நிறுத்திவிட்டேன். "நானே வந்து சொல்லிடறேன் மிஸ்" என்று அவன் சொன்னது உண்மை. அதன் பிறகு அவன் போன் அணைந்தே இருக்கிறது. அவனுக்கும் வயது இருபதுதான். அவன் செய்யாததை அவனுக்காக எழுத எனக்கு உரிமை இல்லை. ஒருவன் செய்யாததை எழுதித்தான் இவ்வளவும்.)

மாணவன் பெயரை மாற்றச் சொன்னார் முதல்வர். ஆசிரியையின் பெயரை யாரும் மாற்றச் சொல்லவில்லை. அதை நானாக மாற்றிக்கொண்டேன். பெலிசியா என்று வருகிற இடங்களில் எல்லாம் நான் என்று வைத்துப் படியுங்கள். சாப்பாட்டு டப்பாவை மூடியது நான். கேக் டப்பாவைப் பிடித்துக்கொண்டது நான். பதினொரு நாள் யோசித்ததும் நான்தான், அதற்கு வெட்கப்படுகிறேன்.

கதை என்று போட்டுவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். நாளைக்கு யார் கேட்டாலும் கற்பனைதானே சார் என்று சொல்லிவிடலாம். அதனால் கதையை இங்கே நிறுத்துகிறேன். இதற்குக் கீழே இருப்பது கதை இல்லை.

8

அந்தோணிசாமி மகள் சௌந்தரம் ஆகிய நான், மேற்படி கல்லூரியில் தமிழ்த்துறைத் தற்காலிக ஆசிரியை. பதினேழாம் அறை மாணவனின் மன்னிப்புக் கடிதத்தில் உள்ள வரிகளில் என்னுடையவை எவை, அவனுடையவை எவை என்று கீழே பிரித்துக் காட்டியிருக்கிறேன். இதன் ஒரு பிரதி வழக்கறிஞர் மூலம் காவல் நிலையத்துக்குப் போகிறது; அதில் மாணவனின் பெயர் உண்மைப் பெயர். இன்னொரு பிரதி மலருக்காக முதல்வரின் மேசைக்குப் போகிறது. அச்சிடுவதும் அச்சிடாததும் அவர் விருப்பம். என்னைப் புதுப்பிப்பதும் அப்படியே. மலரில் இதைப் படிக்கிறீர்கள் என்றால் ஒரு முடிவு உங்களுக்குத் தெரிந்துவிட்டது. மற்றதை ஆய்வாளர் எழுத வேண்டும்.

கடிதம்:

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் அறையில் நான்கு பாட்டில்கள் இருந்தன.

[ஞாயிற்றுக்கிழமை, பூசை, வண்டி, எல்லை: மூன்று வரிகள். என்னுடையவை.]

[பை, கேக் டப்பா: இரண்டு வரிகள். என்னுடையவை.]

[சாவடி, படபடப்பு, வெள்ளை உடை, வெட்கம்: நான்கு வரிகள். என்னுடையவை.]

இனிமேல் இருக்காது, மன்னிக்கவும்.

இப்படிக்கு,
சகாய ஆனந்த்