தொண்ணூற்றிரண்டாயிரத்தில் கொரினின் பங்கு

காலை எட்டு மணிக்கு, லாஸ் வேகஸின் ஒரு சாலையோர உணவகத்தில், எல்மர் ஹாஃப்ஸ்டாட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய மகள் கொரின் எழுபத்தாறாயிரத்து ஐந்நூறு டாலரை ஒரு காகிதப் பையில் போட்டு எதிரே இருந்தவனிடம் நீட்டினாள். டுவேன் என்ற அந்த மனிதன் அதை எண்ணவில்லை. தொப்பிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தோசை போன்ற தன் பான்கேக்கில் பாகை ஊற்றினான். ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது.

எல்மர் மின்னசோட்டாவில் தானியக் கிடங்கில் முப்பத்து நான்கு வருடம் எடை போட்டவர். எழுத்தில் இல்லாத எதையும் நம்பியவர் அல்ல. மகள் போக்கர் ஆடிப் பிழைக்கிறாள் என்பதை ஊரில் ஒன்பது வருடம் வாய் திறந்து சொன்னதில்லை. போன வாரம் அவள் பரிசு வாங்கிய படம் பத்திரிகையில் வந்தது. தொண்ணூற்றிரண்டாயிரம் டாலர். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, தேவாலயத்துக் கூடத்தில் மைத்துனர் வரைக்கும் காட்டிவிட்டார். வீட்டு வாடகைக்கு ஜாமீன் கையெழுத்து வேண்டுமென்று கொரின் கேட்டதும், இவ்வளவு சம்பாதிக்கிறவளுக்கு அது வெறும் சடங்குதானே என்று கிளம்பி வந்தார்.

"எதுக்கு அவ்வளவும் அவருக்கு?" என்றார்.

"ஆடுற காசு அவரோடதுப்பா. அஞ்சு மாசமா தோத்த அறுபத்தோராயிரம் மொதல்ல அவருக்குப் போகும். மிச்சத்துல பாதிப் பாதி."

எல்மர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். பதினைந்தாயிரத்து ஐந்நூறு. "போன தடவை எப்போ ஜெயிச்ச?"

"எட்டு மாசம் ஆச்சு. மொத மூணு மாசம் லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல. இந்தக் காசுல வரி வேற இருக்கு."

மாதத்துக்கு இரண்டாயிரம்கூட இல்லை. ஊரில் காட்டிய படம் சட்டைப் பைக்குள் கனத்தது. அவமானத்தையும் மீறி ஒரு கேள்வி அவரைக் குடைந்தது. டுவேனைப் பார்த்தார்.

"அஞ்சு மாசம் தோத்தவளுக்கு ஆறாவது மாசம் எந்த நம்பிக்கையில காசு குடுத்தீங்க?"

டுவேன் வாயைத் துடைத்துக்கொண்டான். "தோத்த அன்னைக்கே கூப்பிட்டுச் சொல்லிடுவா, பெரியவரே. இன்னைக்கு மூவாயிரம் போச்சு, தப்பு என்னோடதுன்னு. ஜெயிச்சதை எவனும் சொல்லுவான். தோத்ததைக் குறைச்சுச் சொல்லி என் காசுல பாதி தின்னவங்க இந்த ஊர்ல ரொம்பப் பேர்."

"எழுத்துல ஒண்ணும் இல்லையே."

"எழுதி வாங்கினவன்கிட்டதான் நான் ஏமாந்தேன்."

கொரின் தள்ளுபடிச் சீட்டை எடுத்து மூன்று பேர் சாப்பாட்டுக்கும் கொடுத்தாள். டுவேன் சிரித்தான். "பார்த்தீங்களா, கஞ்சப் பிசினாறி."

பதினொரு மணிக்கு வாடகை அலுவலகத்தில் இருந்தார்கள். அங்கிருந்த பெண், மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்கு இதுதான் வழக்கம் என்று சொல்லித் தாளை எல்மர் முன்னால் தள்ளினாள். தன் தம்பிக்கே ஜாமீன் போட மறுத்த மனிதர் அவர். அந்தக் கோபத்தில் தம்பி பதினோரு வருடம் பேசவில்லை. வாடகைதாரர் கட்டத் தவறினால், என்ற வரியைப் படித்தார். மறுபடி படித்தார்.

"ஒரு மாசம் கட்ட முடியலைன்னா?"

"அன்னைக்கே உங்களுக்கு போன் பண்ணுவேன்" என்றாள் கொரின்.

எல்மர் பேனாவை எடுத்தார். எதிராளியின் முகம் பார்த்தே பிழைக்கிற அவருடைய மகள், தகப்பன் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒருவன் பிளாஸ்டிக் புல்தரையைக் குழாய்த் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தான்.